காய் கலந்த சாக்கு

என் உசுருக்குச் சமமான தோழி மாதேசு,

காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் கடைசிவரை பேசாத ஒன்று இருக்கிறது. அதோடு உனக்குத் தெரியாத ஒன்றும் இப்போது சேர்ந்துவிட்டது. எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

என் மகள் கனகா ஒன்பதாவது படிக்கிறாள். பிள்ளைகள் எழுதும் புத்தகத்துக்கு, நட்பைப் பற்றி நிஜமாக நடந்த கதை ஒன்று கேட்டாராம் டீச்சர். வந்து என்னைக் கேட்டாள். நான் உன்னைத்தான் சொன்னேன்.

நாம் ஒன்பதாவது படித்தபோது, லீவு நாளில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனோமே, அந்தக் கதை. இருவருக்கும் ஒரே சாக்கு. சிவந்த பழமாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? எடை கூடட்டும் என்று கிளையோடு உருவி, பச்சைக்காயை அடியில் போட்டேன். எடை போட்டுக் கணக்கு எழுதும் ரைட்டர் சாக்கைப் படுதாவில் கொட்டினார். பாதி காய்.

"எவ உருவுனது?" என்றார். அடுத்த வரிசையில் என் அப்பா நின்றார். என்னைப் பற்றி ஏதாவது புகார் வந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. நீ முன்னால் போனாய்.

"நான்தானுங்க. கை அவசரப்பட்டுப் போச்சுங்க."

அன்றோடு உனக்கும் உன் அம்மாவுக்கும் வேலை இல்லை. எஸ்டேட் வீட்டைக் காலி செய்து அடிவாரம் போனீர்கள். உன் படிப்பு நின்றது. நீ காப்பாற்றிக் கொடுத்த படிப்பை நான் என்ன செய்தேன்? பத்தாவதில் கணக்கில் பெயிலாகி, அப்படியே விட்டுவிட்டேன். நீயோ பஸ் நிற்கிற இடத்தில் கொய்யா விற்றுக்கொண்டே, முப்பது வயதில் பத்தாவது எழுதிப் பாஸானாய்.

பஸ்ஸில் சேலம் போகும்போதெல்லாம் நீ நிற்கிற பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன். நீ சுற்றி வந்து தட்டுவாய். "ஏம்புள்ள, வெயில் பக்கமாப் பாத்து உக்காந்துட்டு வர்றே? நொம்பக் கறுத்துட்டே போ," என்று சிரித்து, மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவை நீட்டுவாய். நான் ஏன் மறுபக்கம் உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியாமலா இருந்தது?

இனி, உனக்குத் தெரியாதது. கனகாவிடம் சொல்லும்போது, "நான்தானுங்க" என்று முன்னால் போனது நான் என்று சொல்லிவிட்டேன். நினைத்துச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அப்படி வந்துவிட்டது. அவள் அதையே எழுதினாள். டீச்சர் வகுப்பில் படித்துக் காட்டினாராம். சாயங்காலம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீ பெரிய ஆளும்மா" என்றாள். அது நடந்து மூன்று நாள் ஆகிறது.

இன்று காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். முகம் பார்க்காமல் சொல்ல அதுதான் தோது. ரிப்பன் கட்டி முடித்தேன். அவள் எழுந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"அவிங்க முழுப்பேரு என்னம்மா?"

மாதேஸ்வரி என்றேன். என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினாள். என்னை எங்கே வைப்பது என்று கேட்டாள். காய் போட்டவள் இடத்தில் வை என்றேன்.

புத்தகம் வந்ததும் அடிவாரம் வருவேன், மாதேசு. பஸ்ஸில் நீ நின்ற பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வருவேன். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுவேன்.

ஒரே சாக்கில் உன்னோடு பழம் போட்ட,
பூங்கொடி