வியாகுலம் சட்டம்

1996 ஜூன் 9, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வந்து குடையை மடக்குவதற்குள் பக்கத்து வீட்டு வேணி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏட்டி விக்டோரியா, ஒன் தம்பி போன்ல நிக்கான்."

பெனிட்டோவுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். எஸ்.டி.டி. ஓடுகிறதாம். ஆகஸ்ட் பதினைந்து லீவுக்கு வந்து என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறான். நான் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இப்போதே சொல்லிவிட வேண்டும். வீட்டைக் காலி செய்வது பற்றி வேணி அக்கா வீட்டுக்காரர் கோமதிசங்கர் சாரிடம் அவனே பேசிவிட்டான். "அப்பா வச்சிருந்த அந்த விளையாட்டுப் பலகை எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துரு எக்கா. இங்கன வைக்க இடம் கிடையாது."

ஆக, நான் போகும் வீடு முடிவாகிவிட்டது. பலகைகளுக்குத்தான் இன்னும் வீடு பார்க்க வேண்டும்.

பீரோ மேல், கட்டிலுக்கு அடியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், எங்கும் பெட்டிகள். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறி மூட்டை எண்ணுகிறவராக இருந்தார். கப்பல்காரர்களுக்கு மக்ரூன் பொட்டலம் கொடுப்பார். பதிலுக்கு அவர்கள் ஊர் விளையாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். கிரேக்கன், ரஷ்யன், ஜப்பான்காரன், யாரையும் விட்டதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாள் அந்த நாட்டு பாஷையில் இருக்கும். எப்படி ஆடுவது என்று அப்பா எங்களுக்குச் சொல்லுவார். எல்லா நாட்டு ஆட்டத்திலும் வியாகுலம் பர்னாந்துதான் ஜெயிப்பார். தோற்கப்போகிறார் என்றால் சரியாகச் செபமாலை நேரம் வந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் போனார். அன்றைக்குச் செபமாலையை நாங்கள் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 12, புதன்

பெண்பிள்ளைகள் விடுதிக்கு இரண்டு பெட்டி கொண்டுபோனேன். "இதுல எது பரீட்சைக்கு உதவும்?" என்று சிஸ்டர் கேட்டார். இரண்டையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பெட்டிகளுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. நான் நின்றுகொண்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் வரன் அமைந்தது. கோமதிசங்கர் சாரே ஒரு பெட்டி கேட்டார். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். எதையாவது தீர்த்து வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஜப்பான் பெட்டியைக் கொடுத்தேன். கறுப்புக் கல், வெள்ளைக் கல், நிறையக் கட்டம்.

சட்டம் கேட்டார். அப்பா சொன்னபடியே சொன்னேன். கறுப்பு வீட்டுக்காரருக்கு. வீட்டுக்காரர் மூன்று கல்லை முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம். விருந்தாளி ஏன் என்று கேட்கக் கூடாது.

சொல்லும்போதே எங்கோ இடித்தது. முப்பது வருஷமாக இடிக்காதது.

ஜூன் 20, வியாழன்

காலையில் காப்பி குடிக்க விடாமல் சார் வாசலில் நிற்கிறார்.

"ஏம்மா, அந்த வீட்டுக்காரர்ங்கது ஆம்பளையத்தானே குறிக்கும்?"

நேற்று ராத்திரி வேணி அக்காவோடு ஆட உட்கார்ந்திருக்கிறார். சார் மூன்று கல்லை எடுத்து வைக்க, அக்கா அவர் கையைப் பிடித்து, "பத்திரம் யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டாளாம். அவள் அப்பா சீதனமாக எழுதிக்கொடுத்த வீடுகள் இரண்டும். அதற்குமேல் அக்காவே கறுப்பு, அக்காவே மூன்று கல், அக்காவே வெற்றி.

நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் என்று சொல்லிவிட்டேன். அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறு மாதிரியா சொல்லியிருப்பார்?

இன்றைக்குத் தண்ணீர் மோட்டாரை சார் வெகுநேரம் போடவில்லை.

ஜூன் 29, சனி

இந்த வாரம் நிறைய பெட்டி போயிற்று. பல் டாக்டர் ஒன்று கேட்டார், காத்திருக்கிறவர்களுக்கு. நேற்று அங்கிருந்து ஆள் வந்தது. உள்ளே கூப்பிட்டாலும் ஆட்டம் முடியாமல் எழுந்து போகமாட்டேன் என்கிறார்களாம். ஆட்டம் சீக்கிரம் முடிய ஏதாவது சட்டம் இருக்கிறதா? இல்லை. எங்கள் வீட்டில் ஆட்டத்தை முடித்து வைப்பது செபமாலைதான்.

மைனி, பெனிட்டோ பெண்டாட்டி, போனில் பேசினாள். அவளுக்கு நானும் மைனிதான். பிள்ளைகள் படுக்கிற அறையிலேயே எனக்கும் கட்டில் போட்டாயிற்றாம். "நீங்க வந்துட்டா நான் வேலைக்குப் போயிருவேன் மைனி." நல்ல பெண். ஒளித்துப் பேசத் தெரியாது.

இன்ஸ்டிட்யூட்டில் நான் போகிற விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். மறந்துவிட்டேனா?

ஜூலை 6, சனி

மேலப்பாளையம் போனேன். தாஜ் முகம்மது சவூதியில் இருந்து திரும்பி வந்து ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இன்ஸ்டிட்யூட்டுக்குத் தாள் அவர்தான் போடுகிறார். வீட்டுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தார். கிரேக்கன் கொடுத்த பெட்டியைக் கொண்டுபோனேன். முக்கோணம் முக்கோணமாக வரைந்தது, இரண்டு பகடை.

திறந்ததும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, இது அங்கன டீக்கடைக்கு டீக்கடை அரபிக ஆடுவாங்களே. நானும் ஆடியிருக்கேன்."

சந்தோஷமாக அப்பா சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். வயதில் மூத்தவருக்கு மூன்றாவது பகடை ஒன்று. வெட்டுப்பட்ட காய் செபம் ஒன்று சொன்னால் திரும்ப எழும்பும்.

அவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "அப்படி ஒரு சட்டமே கிடையாதுக்கா. உங்க வாப்பா சும்மா அடிச்சு விட்டிருக்காரு."

அவர் உம்மா உள்ளே இருந்து சர்பத் கொண்டுவந்தார்கள். நான் குடிக்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பொய்யா? அத்தனையும் பொய்யா அப்பா?

பதினோரு வயசுலேருந்து தோத்துக்கிட்டு இருக்கேன். ரஷ்யாக்காரன் இப்படித்தான் ஆடுவான், நீ சின்னப்பிள்ளை ஒனக்கென்ன தெரியும்னு — நான் நம்பி, அழுது, மறுநாள் திரும்ப வந்து உக்காந்து — நேத்து ஒரு மனுசன் சிரிக்கான். யாருகிட்ட போய்க் கேக்க?

பூசைக்குப் போகவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மிச்சமிருக்கிற பெட்டிகளை எல்லாம் தரையில் பரப்பினேன். பாதிப் பெட்டியில் தாளே இல்லை. இருக்கிற தாள்கள் மடிப்புக்கூடப் பிரியாமல் இருக்கின்றன.

முதல் பெட்டி எப்போது வந்தது என்று யோசித்தேன். அம்மா இறந்த வருஷம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் தாயக்கட்டைகூடக் கிடையாது. அப்பா வேலை முடிந்தால் கடற்கரைப் பக்கம் கூட்டாளிகளோடு நின்றுவிட்டுத்தான் வருவார். அம்மா போனபின் நேரே வீடு. எனக்குப் பதினொன்று, பெனிட்டோவுக்கு ஆறு. எங்களை வைத்துக்கொண்டு இருட்டின பிறகு என்ன செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெட்டியைத் திறந்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் சொன்னது மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டது பெரிய காரியம்.

சரி. கோபம் தணிந்துவிட்டது. ஆனால் ஒரு தடவையாவது ஜெயிக்க விட்டிருக்கலாம்.

ஜூலை 13, சனி

தாஜ் முகம்மது வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. அன்றைக்குச் சிரித்ததற்கு வருத்தம் சொல்ல வந்திருப்பார் என்று நினைத்தேன். அதுவும்தான். ஆனால் பெரிய விஷயம் வேறு.

"அக்கா, நான் சொல்லிக் குடுத்த சட்டம் எங்க உம்மாக்குப் பிடிக்கல. அன்னைக்கு உள்ள இருந்து நீங்க சொன்னதைக் கேட்டிருக்காங்க. மூத்தவங்களுக்கு மூணாவது பகடைன்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சே, அதுதான் நியாயமான சட்டம்ங்கறாங்க. இப்பம் தினமும் ஜெயிக்கறாங்க. எதிர்வீட்டு லாத்தாக்கும் எங்க உம்மாக்கும் யாரு மூத்ததுன்னு சண்டை. நீங்க வந்து சொன்னாத்தான் ஆகும்."

"உங்க அரபிச் சட்டம்?"

"அதை யாரு கேக்கா."

போனேன். இருவருக்கும் பிறந்த வருஷம் தெரியவில்லை. பெரிய வெள்ளம் வந்தபோது யார் இடுப்பில் இருந்தது, யார் நடந்தது என்று விசாரித்து, உம்மாதான் மூத்தவர் என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தத் தெருவில் இதற்கு வியாகுலம் சட்டம் என்றே பெயராகிவிட்டது. சர்பத் இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஜூலை 27, சனி

ஏரலில் வாழைக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கும் ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்கு ரஷ்யப் பலகை. அப்பா சாவுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்து, யாரிடமும் பேசாமல் போனவர். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிவந்த காலத்துப் பழக்கமாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கடை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கம். பலகையைக் கையில் வாங்கினவர் திறக்கவில்லை. "ஒங்கப்பன் போன தையில இங்க வந்தான். நான் ஜெயிக்கிற கட்டம். ரெண்டே நகத்தல். எந்திரிச்சு, செபம் சொல்லிட்டு வாரேன்னு பஸ் ஏறிட்டான். போனவன் போனவன்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காய்களை ஒவ்வொன்றாக அடுக்கினார், அன்றைக்கு நின்ற இடத்தில். தன் பக்கம் கொஞ்சம் தாராளமாகத்தான் அடுக்கினார் என்று தோன்றியது.

"ஒங்கப்பன் இடத்துல உக்காருத்தா. இதை முடிச்சிருவோம். எனக்கு ராத்திரியில இந்தக் கட்டம்தான் வந்து நிக்குது."

உட்கார்ந்தேன். இரண்டு நகர்த்தலில் ஜெயித்தார். ஜெயித்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. லாரிக்காரன் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அப்பா சாவில் நான் அழுததும் அப்படித்தான், முகத்தை மூடிக்கொண்டு. வெளியே வாழைத்தார் இறக்குகிறார்கள், உள்ளே நாங்கள் இரண்டு பேர்.

பிறகு அண்ணாச்சி டீ சொன்னார். "அடுத்த சனிக்கிழமை புது ஆட்டம்" என்றார்.

அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறேன் என்றேன்.

"ஏன்?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்வரை யோசித்தேன். ஏன் என்பதற்கு என்னிடம் பெனிட்டோ சொன்ன பதில்தான் இருந்தது. என்னுடையது ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன். போனில். வேணி அக்கா வீட்டில் நின்றுதான் பேசினேன்.

"பெனிட்டோ, நான் வரல."

"எக்கா, வெளையாடாத."

"வெளையாடத்தான் இங்க இருக்கேன்." அது தானாக வாயில் வந்தது.

கோபப்பட்டான். மைனி வேலைக்குச் சொல்லிவைத்து, அறை ஒழித்து, எல்லாம் ஆயிற்றே. "அங்கன ஒனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டான். எத்தனை பேரைச் சொல்ல. சனிக்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு வழக்கு இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டான்.

பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்த சார் தொண்டையைக் கனைத்தார். என் வீட்டை ஒரு பேங்க் மேனேஜருக்குப் பேசிவிட்டாராம். வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

தம்பி வீட்டிலும் இடம் இல்லை, இந்த வீட்டிலும் இல்லை. நல்ல அழகு விக்டோரியா.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடிந்ததும் சுவருக்கு மேலே வேணி அக்கா தலை. "மேனேஜருக்கு வேற வீடு பாத்துக் குடுக்கச் சொல்லிட்டேன் அவரை. வாக்குக் குடுத்தது அவரு. பத்திரம் என் பேர்ல."

தலை இறங்கி, மறுபடி ஏறியது. "ராத்திரி ஆட வாயேன். அவரு எங்கூட வரமாட்டேங்காரு."

மோட்டார் இன்று நேரத்துக்கு ஓடியது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பெனிட்டோ நேற்று வந்தான், மாதா திருநாளன்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூசையில் நின்றான். வீட்டுக்கு வந்து காலியான பீரோ மேல்பக்கத்தைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். "எல்லாம் போயிட்டா?" என்றான். தொலைத்துவிடு என்று சொன்னவன் குரலாக இல்லை.

ஒன்றை அவனுக்காக வைத்திருந்தேன். டென்மார்க்காரன் கொடுத்த குதிரைப் பந்தயப் பலகை. சின்ன வயதில் அதை அவன் ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்திருக்கிறான்; ஒரு குதிரைக்குக் கால் கிடையாது.

"எனக்கு வேண்டாம். ஒரு தடவகூட ஜெயிக்க விடல அந்த மனுசன்."

சட்டம் எல்லாம் அப்பா கட்டிவிட்டது என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு அம்மா இறந்த வருஷத்தைச் சொன்னேன். வெகுநேரம் அந்த நொண்டிக் குதிரையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு அம்மா முகம் ஞாபகம் இல்லக்கா. அந்த வருசம்னாலே பகடைச் சத்தம்தான் ஞாபகம்."

ராத்திரி ஆடினோம். அப்பா சட்டப்படிதான் ஆட வேண்டும் என்று அவனே சொன்னான். இப்போது நான் வீட்டுக்காரி, நான்தான் மூத்தவள். மூன்று ஆட்டமும் நானே ஜெயித்தேன். மூன்றாவதில் தரையில் படுத்துச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

இன்று காலை பலகையைப் பைக்குள் வேட்டிக்கு நடுவே வைத்துக் கட்டினான். என்னை வா என்று மறுபடி கேட்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

பெனிட்டோ போன். கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோரும் இங்கேயே வருகிறார்களாம். பிள்ளைகள் ஒரே பிடிவாதம். சனிக்கிழமை காலை ரயில் வந்து சேரும். ஸ்டேஷனுக்கு நான் வந்துவிட வேண்டுமாம்.

சனிக்கிழமையா?

ஆட்டோ பிடித்து வந்துவிடுங்கள் என்றேன். சாவி வேணி அக்காவிடம் இருக்கும், மாவு அரைத்து வைத்துவிடுகிறேன், மைனி இட்லி ஊற்றிக்கொள்ளட்டும். நான் வழக்கம்போல ஏரல் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். அண்ணாச்சி தோற்கிற மாதிரி இருந்தால் மட்டும் கொஞ்சம் நேரமாகும்.