தறியில் கழன்ற திருகு

குடியாத்தம்,
9-11-1962

அன்பு மகள் விஜயகுமாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் இருக்கிறோம், பெங்களூர்க் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் என் நினைப்பு. ஐப்பசி மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை, விறகு எரியவில்லை, எனக்கும் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இதைப் பயப்படாமல் படி. போன வாரம் உன் அண்ணன் ராஜவேலுவுக்குப் பவர்லூமில் ஷாக் அடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. தறியின் இரும்புச் சட்டத்தில் கை வைத்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டான், உன் அப்பா ஓடிவந்து உலக்கையால் அவன் கையை அடித்து விலக்கினார். வலது உள்ளங்கை வெந்துவிட்டது. நான்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், வளர்ந்த ஆம்பிளை, வெட்கப்பட்டு இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறான்.

ஒயர்மேன் ஜியாவுல்லா வந்து பிரித்துப் பார்த்தார். "தறி ஆடுற ஆட்டத்துல கனெக்டர்ல திருகு கழண்டுகினே வந்திருக்கும்மா, ஒயர் நழுவி இரும்பு மேல பட்டுடுச்சி, நான் நடுவுல ஒருதரம் வந்து முடுக்கியிருக்கணும்" என்று தலை குனிந்தார். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. அந்தக் கனெக்டரை என் கையில் கொடுத்தார், சின்னப் பீங்கான் துண்டு, உள்ளே பித்தளை, இரண்டு பக்கமும் திருகு. நாள் முழுக்க ஒயரைச் செருகித் திருகு முடுக்குகிற வேலை என்று நீ எழுதியது இதைத்தானா? பட்டாளத்துக்கு வயர்லெஸ் பெட்டி செய்கிற பாக்டரி என்றாயே, நான் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன்.

அப்பா மெயினை அணைத்தவர்தான், இன்னும் போடவில்லை. தறிக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காமல் நீ வேலைக்குப் போன நாளிலிருந்து உன் பேரை அவர் வாயில் எடுத்ததில்லை என்பது உனக்கே தெரியும், நானும் இரண்டு பேருக்கும் நடுவில் பேசிப்பேசி ஓய்ந்துவிட்டேன். நேற்று நான் அரிசி களையும்போது பின்னால் வந்து நின்றார். "அவளுக்கு இப்டி எப்பனா அடிச்சிருக்கா? உங்கிட்ட எதனா எழுதினாளா?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கரண்ட் இருக்கும்போது முடுக்குவீர்களா, இல்லாதபோதா, பெற்றவள் நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லையே. அவர் மழையிலேயே வெளியே போனார். நனைந்துகொண்டு தபாலாபீசிலிருந்து இந்த இன்லண்டு லெட்டரை வாங்கிவந்து அடுப்பு மேடையில் வைத்தார்.

ஆகையால் இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே அம்மா, அவர் பேருக்கே எழுது. அடித்திருந்தால் அடித்தது என்றே எழுது. சீனாக்காரனோடு சண்டை நடக்கிற நேரம், லீவு தரமாட்டார்கள் என்று தெரியும், தந்தால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. ஈரக் கையோடு வேலையில் உட்காராதே. நீ நோயில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா தனகோடி