வரஷெலி வீட்டு விருந்து

திபிலிசி, ஜார்ஜியா
6 மே 2024

அன்புள்ள யோகராணிக்கு,

இந்தக் கையெழுத்தைக் கண்டதும் கடிதத்தைக் கிழித்தெறிய உனக்கு உரிமையுண்டு. கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி. உன் விலாசத்தை, அங்கே ஆக்லாந்தில் இருக்கிற என் பழைய கூட்டாளி சுந்தரம்தான் தந்தான். பாபடோயிட்டோயில் சொந்த வீடு என்றும், நம் விதுஷன் இப்போது எஞ்சினியர் என்றும் சொன்னான். மனம் குளிர்ந்தது.

படிக்க வந்த ஊரிலேயே நான் நீனோவைக் கட்டிக்கொண்டு தங்கியது உனக்குத் தெரியும். அவள் வரஷெலி என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் கடைசிப் பெண். ஒரு காலத்தில் ஒரு பள்ளத்தாக்கே அவர்களுடையது. பாதிப் பேர் பக்கத்துக் குடும்பத்தோடு பழிக்குப் பழி என்று வெட்டிக்கொண்டு செத்தார்கள். மீதிப் பேரை, சோவியத் ஆட்சிக்கு எதிரான 1924 கிளர்ச்சிக்குப் பிறகு சுட்டார்கள். தப்பிய ஒருவரின் மகனுக்குப் பிறந்தவள் நீனோ. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் நான் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் அவர்கள் பெயரையே எடுத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளையில்லை. சென்ற செப்டம்பரில் அவளும் போய்விட்டாள்.

அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதிவருகிறேன். ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கி இதோடு வைத்திருக்கிறேன். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. இங்கே விருந்துகளில், வாரிசில்லாமல் அடுப்பு அணைந்துபோன வீடுகளுக்கென்று ஒரு கிண்ணம் வைன் தூக்கிக் குடிப்பார்கள். செப்டம்பர் 21 அன்று வைக்கப்போகிற நீனோவின் ஆண்டு நினைவு விருந்தில் வரஷெலி வீட்டுக்கும் அதைத் தூக்கிவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது. விதுஷன் வந்து என் பக்கத்தில் இருந்தால், என் பிள்ளை என்று சொல்லி அந்தப் பெயரை அவனுக்குக் கொடுத்துவிடுவேன். வீடும் திராட்சைத் தோட்டமும் அவனுக்கே. அனுப்புவாயா?

சோதிலிங்கம்


பாபடோயிட்டோய், ஆக்லாந்து
9 ஜூன் 2024

அன்புள்ள விதுஷனின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது, கிழிக்கவில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் நோவைத் தவிர எனக்குச் சுகம். விமான நிலையச் சமையல்கூட வேலையிலிருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். விதுஷனுக்கு வேலை மவுண்ட் வெல்லிங்டனில். மருமகள் பிரசாந்தி நல்ல பிள்ளை. பேத்தி பிரணவிக்கு உங்கள் மூக்கு. அதற்கு அவள் என்ன செய்வாள்.

அங்கே படிக்கப் போன புதிதில் நீங்கள், டிக்கெட் கட்டியாகிவிட்டது, பிள்ளையோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து நில் என்று எழுதினீர்கள். தாலியைத் தவிர எல்லாவற்றையும் விற்றுவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். பயணிகள் பட்டியலில் அப்படியொரு பெயரே இல்லை என்றார்கள். உங்கள் அம்மா என் ராசியைத்தான் குறை சொன்னார். சண்டைக்காக இதை எழுதவில்லை, பழைய கதைதானே.

நீங்கள் வைத்த அத்தியாயத்தை வாசித்தேன். தமார் என்ற விதவை, புருஷனைக் கொன்றவனைத் தன் தலை நரைத்த பிறகு விருந்துக்கு அழைக்கிற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

விதுஷனை அனுப்புகிறேன். செப்டம்பர் 21 காலையில் வந்து இறங்குவான். பெரிய விருந்தாக வையுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள். போனில் கதைக்க வேண்டாம். முதன்முதலில் நேரே காண்பதுதான் முறை.

யோகராணி


திபிலிசி
24 செப்டம்பர் 2024

அன்புள்ள யோகராணி,

அவன் வரவில்லை. அவனுக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்று முதலில் பதறிப்போனேன். சுந்தரத்துக்குப் போன் எடுத்துக் கேட்டால், விதுஷன் அங்கே வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறானாம்.

அன்று காலை விமான நிலையத்தில் வெளியே வந்த ஒவ்வொரு கறுத்த பொடியனையும் மறித்து, “நீ விதுஷனோ?” என்று கேட்டேன். ஒருவன் இங்கே மருத்துவம் படிக்கிற கேரளத்துப் பிள்ளை. பாவம், எனக்குக் கோப்பி வாங்கித் தந்துவிட்டுப் போனான்.

விருந்துக்கு ஊரே வந்திருந்தது. என் பக்கத்து நாற்காலியில் ஒருவரையும் நான் இருக்கவிடவில்லை. இருட்டிய பிறகு, விருந்தை நடத்துகிற மேசைத் தலைவர் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், வரஷெலி வீட்டுக்கென்று அந்தக் கிண்ணத்தைத் தூக்கினார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து குடிக்கவேண்டியிருந்தது.

அவனுக்கு என்மேல் கோபமென்றால் அது நியாயம். ஏசினாலும் சரி, அவன் வாயால் ஏசட்டும். நானே அங்கு வருகிறேன். கதவைத் திறந்தால் போதும்.

சோதிலிங்கம்


பாபடோயிட்டோய்
14 அக்டோபர் 2024

திரு. வரஷெலி அவர்களுக்கு,

விதுஷனுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. உங்கள் கடிதம் எதையும் அவன் காணவில்லை. நான் டிக்கெட் வாங்கவும் இல்லை.

அந்தக் கிண்ணத்துக்கு நீங்களும் எழுந்து நின்று குடித்த இடத்தை வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. இந்த வயதில் இப்படியொரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மேசைத் துணியின் நிறத்தையும் எழுதியிருக்கலாம்.

இங்கே வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வந்து யார் என்று சொல்வீர்கள்? இந்த நாட்டுக்கு வந்து பள்ளிக்கூடம் போன புதிதில் அவன், “அப்பா எங்கே?” என்று கேட்டான். செத்துப்போனார் என்றேன். ஓடிப்போனவரின் பிள்ளை என்பதைவிட அது அவனுக்கு மரியாதை. சொன்ன சொல்லுக்காகப் பொட்டு வைப்பதை விட்டேன். தாலியை விற்று அவனுக்குப் பள்ளி உடுப்பு வாங்கினேன்.

வளர்ந்ததும் தானாகவே ஆடி அமாவாசை விரதம் பிடிக்கத் தொடங்கினான். இங்கே அது உறைகிற குளிர்காலம். மனுக்காவ் கடற்கரையில் இறங்கி முழுகி, உங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருவான். பிரசாந்தி, அந்த விரதத்துக்கென்றே சமைக்கிற கசப்பான காத்தோட்டிக்காயில் கறி வைப்பாள். குளிரூட்டிய பைக்கற்றில் இங்கே கடையிலேயே கிடைக்கிறது. உங்களுக்குப் படைத்த பிறகுதான் அவன் வாயில் தண்ணீர் வைப்பான். இந்த முறை பிரணவியும் உங்கள் படத்துக்குப் பூப் போட்டு, “பாய், அப்பப்பா” என்றாள்.

உங்களுக்காக அழுது முடித்த பிள்ளை அவன். இனிப் புதிதாக ஒரு தகப்பன் அவனுக்குத் தேவையில்லை. நீங்கள் கடைசி அத்தியாயத்தை எழுதி முடியுங்கள். உங்களுக்குப் பிறகு நினைக்க ஆளில்லையே என்று மட்டும் கவலைப்படாதீர்கள். செத்தவருக்குச் செய்ய வேண்டியதை என் பிள்ளை இந்த ஆடியிலும் ஒரு குறையில்லாமல் செய்துவிட்டான்.

யோகராணி