விசாரித்த வீடு

ஜூன் 4

வீடு பிடித்துவிட்டது. மனைவிக்குச் சமையலறை ஜன்னல், எனக்குப் புத்தக அலமாரிக்குத் தோதான நீளச் சுவர். விற்பவர் ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாள். அவர் தங்கைக்குக் கண்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தங்கை குடியிருக்கும் வாடகை வீடும் விலைக்கு வந்திருக்கிறது. இதை விற்று அதை வாங்கி, இவரும் அங்கேயே போய்விட எண்ணம்.

"கண்ணு போனாலும் கை பழகின வீடு சார். அங்கன்னா அவ விழ மாட்டா."

நியாயமான காரணம். அதுதான் உறுத்துகிறது. அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். பிழையில்லாத பக்கம் வந்தால் இன்னொரு முறை படிப்பேன்.

ஜூன் 7

தெருவில் விசாரித்தேன். "வீடு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல வீடு" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். குறிப்பாகக் கேட்பதே முறை. தையல்காரரிடம் கேட்டேன்: "அங்க யாராவது தூக்கு மாட்டிக்கிட்டாங்களா?"

பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்தார். "கேள்விப்படலியே. ஏன், நீங்க ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

"இல்ல, சும்மா."

மருந்துக்கடை, சலவைக்கடை, எதிர்வீட்டம்மா – எல்லோரிடமும் அதே கேள்வி, அதே சும்மா. ஒரு கறையும் இல்லை. நிம்மதி.

ஜூன் 13

மனைவி பேருந்தில் கேட்டு வந்திருக்கிறாள். "அந்த வீட்டுல யாரோ தூக்குல தொங்கினாங்களாமே. எதிர்வீட்டம்மாவே சொன்னாங்களாம். நீங்க என்னத்த விசாரிச்சீங்க?"

அது நான் கேட்ட கேள்வி என்றேன். கேள்விக்குறி மட்டும் வழியில் விழுந்துவிட்டது.

"நெருப்பில்லாம புகையுமா?"

"புகையே நான்தான்மா."

"அப்ப உங்களுக்கு ஏன் தூக்குன்னு தோணுச்சு? ஒண்ணுமில்லாமலா தோணும்?"



ஜூன் 15

கேட்ட இடமெல்லாம் போய் மறுத்துவிட்டு வந்தேன். தையல்காரர் தணிந்த குரலில் கேட்டார்: "நர்ஸம்மா சொல்லச் சொன்னாங்களா சார்?"

ஜூன் 16

மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். "தெரிஞ்சே அங்க எப்படிப் படுத்துத் தூங்குறது?"

தெரிஞ்சே!

ஜூலை 2

தரகர் பேசினார். அடுத்துப் பார்க்க வந்தவர்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டார்களாம். "தொங்கினது மருமகளாம் சார்." நர்ஸுக்குப் பிள்ளைகளே கிடையாது.

ஜூலை 9

நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு உசுரு ஆஸ்பத்திரியில போச்சு, என் வார்டுலயே. இந்த வீடு சாவையே பார்த்ததில்ல." இன்னொரு துணியை எடுத்தார். "தங்கச்சி வீட்டு ஓனரு மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாராம்."

திட்டியிருக்கலாம். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். என்ன ஜென்மம் நான்?

வந்ததும் மனைவியிடம் மறுபடி மன்றாடினேன். "பரிதாபத்துக்கெல்லாம் வீடு வாங்க முடியாதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 1

தங்கையின் வீடு வேறு யாருக்கோ போய்விட்டது.

ஆகஸ்ட் 23

மனசு கேட்கவில்லை, நர்ஸ் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது, வாடகை வீட்டைக் காலிசெய்து இங்கே வந்துவிட்ட தங்கை. நெற்றியில் பிளாஸ்திரி, முழங்கையில் இன்னொன்று. யாரென்று சொன்னேன்.

"தெருவெல்லாம் இந்த வீட்டைப் பத்தி விசாரிச்சவரு நீங்கதானா? அக்கா சொல்லிச்சு." குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "கண்ணு இருந்தப்ப நான் இங்க சரியா வந்துபோகல. எது எங்க இருக்குன்னு இன்னும் பிடிபடல. அக்காவும் எத்தனை தடவைதான் சொல்லும்? நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

சுவரில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வாசலிலிருந்து தொடங்கினேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன்.