சர்வருக்கு வைத்த சந்தனம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பட்டறை திறந்ததும் முதல் வேலை சர்வரைப் போடுவது. போட்டேன், எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எம்பிராய்டரி மெஷின் நான்கும் அதிலிருந்துதான் டிசைன் எடுக்கும். நான்கும் சும்மா.

அணைத்து அணைத்துப் போட்டதில் ஒரு தடவை எழுந்தது. ஆட்டுக்குட்டி டிசைனைத் திறந்தேன். பாதியில் மறுபடி படுத்துக்கொண்டது.

ஞாயிறு மாதா கோயில் திருவிழா. பீடத் துணிக்கு ஆட்டுக்குட்டி வேண்டும், ஆண்டனி அண்ணாச்சி ஆர்டர். துணி தயார். நூல் தயார். ஆடு டிஸ்குக்குள்.

செல்விக்குப் போன். சர்வரில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கல்யாணமாகித் தாணேக்குப் போய்விட்ட மகள். வேறு யாரிடம் கேட்க?

"யப்பா, பேக்கப் இருக்குல்லா?"

"சனிக்கிழமை தவறாம எடுக்கேன்ட்டி."

"எதுல?"

"சர்வர்லதான். பேக்கப்னு தனி ஃபோல்டர் போட்டு."

"அதே டிஸ்க்லயா?"

அதே டிஸ்கில்தான். பதினோரு வருஷ டிசைன். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய புத்திசாலி நான்.

நவம்பர் 5, புதன்

பக்கத்துச் சந்து ரிப்பேர்க்காரர் வந்தார். பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு: "எஸ்எஸ்டி மர் கயா, சேட். நயா டாலோ." டிஸ்க் செத்துவிட்டதாம், புதுசு போடணுமாம். பழையதில் இருக்கிற டிசைன்? கையை விரித்தார்.

பின்னாலேயே அண்ணாச்சி. "ஆடு எப்ப வேய் வரும்?"

"டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு அண்ணாச்சி."

"ஆட்டுக்கா?"

சிரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் செல்வி சொன்னபடி பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸ் ஏற்றி, டிஸ்கின் உடம்பு ரிப்போர்ட் எடுத்தேன். ஒரு வரி அடிக்க நாலு தப்பு. திரையைப் படம் பிடித்து அனுப்பினேன்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு யப்பா. சிஆர்சி எரர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. தகவல் வர்ற வழியில கெடுது. நாளைக்கு வயரைப் பாருங்க."

"இங்க ரிப்பேர் பண்ணவான்னு கேக்குதே, எஸ் போட்ரட்டா?"

"தொடாதீங்க. கெட்ட வயரோட ரிப்பேர் ஓடுச்சுன்னா இருக்கறதும் போயிரும்."

விரல் ஏற்கெனவே 'ஒய்' மேல். மெதுவாக எடுத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

கரண்டை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்க் மேல் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஈரமாக வைத்தது ஒழுகி, வயர் செருகும் வாய்க்குள் போய்க் காய்ந்து கிடக்கிறது.

படம் அனுப்பினேன். உடனே போன்.

"யப்பா, என்னது மஞ்சளா?"

"ஆயுத பூஜைக்கு வச்சது."

"பெட்டிக்கு வெளிய வைக்கக் கூடாதா?"

"மெஷினுக்கெல்லாம் ஊசிக்கிட்ட வச்சேன். இதுக்கும் முக்கியமான இடத்துல வைக்கணும்லா?"

சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒரு மாசம் தாங்கிருக்கே. சாமி நல்ல சாமிதான்."

வேலை: ஸ்பிரிட், பழைய பல் பிரஷ், டிஸ்கின் வாயைத் துடைத்தது. மாட்டுங்கா போய்ப் புது வயர். அரை மணி ஓடவிட்டுப் பார்த்ததில் எரர் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கிறது. "இப்ப எஸ் போடுங்க" என்றாள் செல்வி போனில். போட்டேன். எழுந்தது.

உடனே ஆட்டுக்குட்டியைத் திறக்கப் போனேன். "எதையும் தொடாதீங்க. அணைச்சு வைங்க. நாளைக்கு நான் வாரேன்."

நவம்பர் 7, வெள்ளி

செல்வி லீவு போட்டு வந்தாள். கையில் வெளி டிஸ்க் ஒன்று. மதியம்வரை காப்பி ஓடியது. டீ இரண்டு தடவை. முடிந்ததும் எழுந்து போய்ச் சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏட்டி!"

"இது செத்துப்போச்சுன்னு வைங்க. அண்ணாச்சி வாசல்ல நிக்காரு. இந்தக் காப்பியிலருந்து எடுங்க."

"நீ எடேன்."

"நான் தாணேல இருக்கேன்."

கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெளி டிஸ்கை லேப்டாப்பில் செருகித் தேடினேன். மூன்று ஃபோல்டர் தப்பு. நாலாவதில் ஆடு. பென்டிரைவில் எடுத்து இரண்டாம் மெஷினில் போட்டேன். கால் வந்தது, உடம்பு வந்தது, காது வந்தது. கெட்ட வயரில் கிடந்த டிஸ்கிலிருந்து வந்த காப்பி, முழுசாக இருக்குமா என்று இரண்டு பேருக்கும் சந்தேகம்.

"கண்ணு எங்க?" என்றாள்.

"கறுப்பு நூலு கடைசிலதான்."

நூல் மாறியது. கண் வந்துவிட்டது.