சூடாகாத சைலன்சர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வண்டியின் சைலன்சர் சில்லென்று இருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

பைக்கில் மலைக்குப் போய் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த அண்ணன் போன புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்டதுமே நானும் அம்மாவும் வாசலுக்கு ஓடினோம். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியை நிழலுக்குத் தள்ளினேன். அப்போது கெண்டைக்கால் சைலன்சரில் பட்டது. போன வருஷம் சுட்டுக்கொண்ட தழும்பு இருக்கிறதே, அதே இடம். பழக்கத்தில் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். ஆனால் சுடவில்லை. நாள் முழுக்க நிழலில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தது. மலைப்பாதையிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடி வந்த வண்டி அது.

நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தப் பச்சை மருந்தைத் தேய்க்கிறீர்களா? இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் இருப்பது அம்மாவின் ஃபோன் ஒன்றுதான், அண்ணன் எப்போதும் பக்கத்தில் இருக்கிறான். யாரும் இல்லாவிட்டாலும் எனக்கு ஃபோனில் வாய் வராது. உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் மாமா லீவு முடிந்து நாளை சனிக்கிழமை காலை கிளம்புகிறார். சாயங்காலத்துக்குள் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் சேர்த்துவிடுவேன் என்றார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்னது இதுதான். மேலே மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஒரு வீட்டில் தங்க இடம் கொடுத்தார்களாம். ரொம்ப நல்ல மனிதர்களாம். எத்தனை பேர் என்று அம்மா கேட்டாள். எண்ணவில்லை என்றான். அவர்கள் அம்மாவைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். வருகிற ஞாயிறு காலையில் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். பிள்ளையை உயிரோடு அனுப்பிவைத்தவர்களுக்கு நேரில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்கிறாள். அடுத்த வாரம் என்னைக் கூட்டிப்போவானாம். நீங்கள் லீவில் வந்ததும் உங்களையும்.

அப்பா, அவன் என்னை இப்போது பூச்சி என்று கூப்பிடுவதில்லை. யாரிடமும் பேசமாட்டேன் என்று வாயில்லாப்பூச்சி என்று பட்டம் வைத்து, அதையும் சுருக்கிப் பூச்சி ஆக்கியவன் அவன்தானே. வந்த நாளிலிருந்து ரேஷன் கார்டில் இருக்கிற என் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒவ்வொரு தடவையும் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

நான் பட்டன் தைக்கப் போகும் தையல்கார அக்காவிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் தனியாகத் தின்று பழகிவிட்டாய், பங்குக்கு ஆள் வந்ததும் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறாயா என்று சிரித்தாள். அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று வண்டியைச் சர்வீஸ் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக வேண்டுமாம். எப்போதும் போல் கொட்டகையில், நானும் அவனும். எண்ணெய் நன்றாக இறங்குவதற்காக நான் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். என் கையில் ஒழுங்காகச் சூடானது, சைலன்சர் பக்கம் கை வைக்க முடியவில்லை. அடியில் தட்டை வைத்துவிட்டு சாவியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.

எதற்கு நீட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் எண்ணெயை இறக்கிவிட்டு, சாப்பிட்டு வந்து, மறந்துபோய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். பிஸ்டன் மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் அங்கிருந்து கத்தியது ஃபோனே இல்லாமல் கேட்டிருக்கும். அன்றிலிருந்து ஆயில் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் சாவியைப் பல்லில் கடித்துக்கொள்வான். புது எண்ணெய் ஊற்றி மூடும்வரை எடுக்கமாட்டான். அந்த அரைமணி நேரம் அவனும் என்னை மாதிரி ஆகிவிடுவான். ம்ம் என்றால் பதினான்காம் நம்பர் ஸ்பேனர், ம்ம்ம் என்றால் துணி. எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

நேற்று சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் காத்திருந்தேன். அவன் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். மறந்துவிட்டானோ என்று பிஸ்டன் போன கதையை மெதுவாக எடுத்தேன். எல்லாம் சொன்னான். என்ன கிழமை, என்ன குழம்பு, நீங்கள் எந்த வார்த்தை சொல்லித் திட்டினீர்கள் எல்லாம். நடந்தது ஒன்றுவிடாமல் தெரிகிறது அப்பா. செய்து பழகிய கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

போல்ட் கழன்றதும் எண்ணெய் அவன் கைமேல் கொட்டியது. ஆவி பறக்கும் எண்ணெய். ஒரு சொட்டுப் பட்டாலே கொட்டகையைச் சுற்றிக் குதிப்பவன், கையை எடுக்கவே இல்லை. விரல்களுக்கு நடுவில் அது ஓடுவதை, குழந்தை குழாயடியில் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துடைத்தான். தோல் சிவக்கக்கூட இல்லை.

அதற்கப்புறம் ஃபில்டரைக் கழுவினோம், செயினை இறுக்கினோம். கடைசியாகப் பின் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். அம்மா பின்னால் உட்காரப் போகிறாளே, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். இந்த வண்டி உயரம், எடையும் குறைவு, யார் ஏறினாலும் பின்பக்கம் நன்றாக அமுங்கும். முதலில் ஆள் இல்லாமல் அளந்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அண்ணன் ஏறினால் ஐம்பத்திரண்டுக்கு வரும். மூன்று வருஷமாக நான்தான் டேப் பிடிக்கிறேன், மாறியதே இல்லை.

அவன் ஸ்டாண்டை மடக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் தூக்கி வைத்துக்கொண்டான். அளந்தேன்.

ஐம்பத்தெட்டு.

டேப் மாட்டிக்கொண்டதோ என்று உதறிவிட்டு மறுபடி அளந்தேன். ஐம்பத்தெட்டுதான். சீட்டைப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் கொஞ்சம்கூடக் குழியவில்லை. வண்டியை ஒருவரும் பிடிக்கவில்லை, அது சாயவும் இல்லை.

"எவ்வளவு?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"ஐம்பத்திரண்டு" என்றேன்.

"அப்போ சரியா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். நான் பொய் சொன்னது தெரிந்துதான் சிரித்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன், அவன் என்றுதான் கடிதம் முழுக்க எழுதியிருக்கிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் அண்ணன் இன்னும் மேலே அந்த வீட்டில் இருக்கிறானோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட, அம்மா ஞாயிறு போய்விட்டுத் திங்கட்கிழமை வந்து என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்?

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இது கையில் கிடைத்ததும் அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது என்று சொல்லுங்கள். காரணம் எதுவானாலும் சரி, முதுகுவலி முற்றிவிட்டது, உடனே கிளம்பி வா என்று சொன்னாலும் சரி. நீங்கள் சொன்னால் மட்டும்தான் கேட்பாள். அவன் ஃபோனை எடுத்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

கவர் கனமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். உள்ளே துணியில் சுற்றியிருப்பது வண்டியின் ஸ்பார்க் பிளக். இன்று மத்தியானம் அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது கழற்றினேன். இந்த அளவு இங்கே கடையில் கிடைக்காது, வரவழைக்க நாலு நாள் ஆகும். அதுவரை வண்டி நகராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் நீங்களாகவே திரும்பி வாருங்கள்.

உங்கள் மகள்,
பூச்சி

கவரை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். கொட்டகையில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிளக் என் முன்னால் மேசைமேல்தான் இருக்கிறது. தெருவில் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம் என்று அம்மாவைக் கூப்பிடுகிறான். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் கொட்டகைப் பக்கம் இருக்கும் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, அம்மாவின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.