அக்கரையில் ஒரு கிளேர்க்காரன்

வர்ஜீனியா, அமெரிக்கா
டிசம்பர் 1862

என் வணக்கத்துக்குரிய அம்மாவுக்கு, மகன் ஃபெஸ்டஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் வாழ்த்தாமல் தாண்டிப் போகக்கூடாது என்று என்னைத் திட்டித் திட்டி வளர்த்தீர்களே, அதற்கு நன்றி. நேற்றுக் காலை தண்ணீர் மொள்ள ஆற்றுக்குப் போனேன். மூடுபனி விலகியதும், அக்கரையில் எதிரிகளான தெற்குப் படையினர் குழி வெட்டுவது தெரிந்தது. ஒளிந்துகொள்ளாமல், பழக்கதோஷத்தில் நம் ஐரிஷ் மொழியிலேயே கத்திவிட்டேன்: "செய்யுற வேலைய ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்."

துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. மண்வெட்டியோடு நின்ற ஒருவன் அவற்றைக் கையால் தாழ்த்திவிட்டு, "ஒன்னையுந்தான்" என்றான், அதே மொழியில். "எந்த ஊருடா நீ?"

"கால்வே."

"அதானே பாத்தேன். பக்கத்து மாவட்டம், எங்க கிளேர்ல பொறந்தவனுக்கு இவ்வளவு மடத்தனம் வராது. தண்ணிய மொண்டுக்கிட்டு ஓடுடா, எங்க அதிகாரி வர்றாரு."

ஓடி வந்து சூடாகக் காப்பி குடித்தேன், அவ்வளவுதான்.

கம்பளிக் காலுறை பின்னினால் இரண்டு ஜோடி அனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், ஆற்றைக் கடக்க உத்தரவு வந்துவிட்டது. அவன் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், அம்மா. ஜெபத்தில் கிளேர்க்காரன் என்று சொல்லுங்கள், ஆண்டவருக்குத் தெரியும்.

உங்கள் ஃபெஸ்டஸ்